பீப்பாயும் தூணும்

குண்டு வெடித்த மறுநாள் கவிதை எழுதுகிறவன் கவிஞன் இல்லை, தந்தி இலாகாவின் கடைநிலை ஊழியன் என்ற பொருள்பட நண்பர் ஒருவர் சென்ற இதழில் எழுதியிருக்கிறார். தந்தி இலாகாவையே 2013-ல் மூடிவிட்டார்கள். அது போகட்டும். அவர் சொல்வதில் பாதி எனக்குச் சம்மதமே. மறுபாதிக்காகத்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது. அதை அவர் ஒரு கலைக்கொள்கையாக முன்வைக்கிறார்; எனக்கு அது நம் எல்லோருக்கும் பொதுவான ஒரு சௌகரியமாகப் படுகிறது.

சம்பவம் பத்திரிகைக்காரனுக்கு, சாசுவதம் கலைஞனுக்கு — இதுதான் அவர் கட்சி. இந்தக் கட்சிக்கு ஒரு சரித்திரம் உண்டு. கோஷம் போட்டால் இலக்கியம் ஆகிவிடும் என்று நம்பியவர்களோடு நம் முன்னோடிகள் மல்லுக்கு நின்றார்கள். நியாயமான சண்டை. ஜெயித்தும் விட்டார்கள். அவர்கள் ஜெயித்த தொகையை வைப்புநிதியில் போட்டுவிட்டு நாம் இன்னும் வட்டி தின்றுகொண்டிருக்கிறோம். அசல் என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. கண்ணெதிரே நிற்கும் பொருளை, பிறர் தயாரித்துக் கொடுத்த வார்த்தைகளின் துணையில்லாமல் பார்ப்பது என்பதுதான் அசல். நவீனத்துவம் என்று இத்தனை வருஷமாக நாம் சொல்லிக்கொண்டு வருவதற்கு இதைத் தவிர வேறு அர்த்தம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

எந்தப் பொருள் என்று கேட்கலாம். சம்பவத்தை ஒதுக்கி வைத்துவிடுவோம். அதை நண்பருக்கே விட்டுக்கொடுக்கிறேன். வெடிப்பது ஒரு நொடி. அது விட்டுச்செல்லும் சாமான்கள் முப்பது நாற்பது வருஷம் தெருவில் நிற்கின்றன. இரும்புத் தடுப்பு. மணல் மூட்டை. சுவரும் இல்லாமல் கூரையும் இல்லாமல் நிலை மட்டும் நிற்கும் அந்த விநோதமான வாசல், உள்ளே நுழைந்தால் 'பீப்' என்று கத்துவது. பையைத் தடவும் கை. கம்பத்து உச்சியில் காமிரா. பயங்கரவாதத்துக்குக் கலையின் எதிர்வினை என்றவுடனே ரத்தமும் ஓலமும் என்று நண்பர் எடுத்துக்கொள்கிறார். நான் கேட்பது இந்தச் சாமான்களைப் பற்றி.

எனக்கு இதில் என்ன அக்கறை என்றால், நான் இருப்பது சிங்கப்பெருமாள் கோவிலில். ஜி.எஸ்.டி. சாலையில் வடக்கே போனால் தாம்பரம் தாண்டி மீனம்பாக்கம். 1984 ஆகஸ்ட் 2 அன்று, கொழும்பு விமானத்தில் ஏற்றுவதற்கென்று கொண்டுவரப்பட்ட வெடிகுண்டுப் பெட்டி அந்த விமான நிலையத்திலேயே வெடித்தது. முப்பது பேர் அளவில் செத்தார்கள். பலர் இலங்கைப் பயணிகள். ரயில்வே கேட்டைத் தாண்டி மேற்கே போனால் ஒரகடம் வழியாக இருபத்தைந்து கிலோமீட்டர் அளவில் ஸ்ரீபெரும்புதூர். 1991 மே 21. நான் பிறந்த வருஷம் அது. இந்த இரண்டு ஊருக்கும் நடுவில் உட்கார்ந்துகொண்டு, இது நம் விஷயம் இல்லை, நம் விஷயம் சாசுவதம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

இந்தச் சாமான்களைப் பார்த்த கலைஞர் ஒருவரைச் சொல்கிறேன். அவர் தமிழர் இல்லை.

1996 ஜனவரி 31 முற்பகலில், கொழும்புக் கோட்டைப் பகுதியில் இருக்கும் மத்திய வங்கிக் கட்டிடத்தின் மீது வெடிமருந்து ஏற்றிய லாரியை விடுதலைப் புலிகள் மோதவிட்டார்கள். தொண்ணூறு பேர் வரை இறந்தார்கள். ஆயிரத்துக்கு மேற்பட்டோருக்குக் காயம். கண்ணாடிச் சில்லு பாய்ந்து கண்ணை இழந்தவர்கள் பலர். நான் வங்கியில் குமாஸ்தா. முற்பகல் வேளையில் ஒரு வங்கியில் யார் யார் எந்த நாற்காலியில் இருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஏகாதிபத்தியம் இருக்காது. பேரினவாதமும் இருக்காது, அது மதியச் சாப்பாட்டுக்கு மேல்தான் வரும், கார் வைத்துக்கொண்டு. நோட்டுக் கட்டு எண்ணுகிறவர்கள் இருப்பார்கள். கையெழுத்துக்காகக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு மாடி ஏறுகிறவர்கள் இருப்பார்கள். டீ டம்ளர்களை எடுத்துப் போகிறவர் இருப்பார்.

அந்த வருஷங்களில் கொழும்புச் சாலைகளில் பீப்பாய்கள் பெருகின. காலியான தார்ப் பீப்பாய்களை நிரப்பி, பச்சையும் பழுப்பும் கறுப்புமாக ராணுவ வர்ணம் பூசி, வண்டிகள் வேகமெடுக்க முடியாமல் வளைந்து வளைந்து போகும்படி சோதனைச் சாவடிகளில் நட்டுவைத்தார்கள். 1997-ல் சந்திரகுப்த தேனுவர என்ற சிங்கள ஓவியர் இந்தப் பீப்பாயைக் கையில் எடுத்துக்கொண்டார். அதற்கு ஒரு இயத்தின் பெயரும் கொடுத்தார்: பாரலிசம். க்யூபிசம், சர்ரியலிசம் என்று நாம் பயபக்தியோடு உச்சரிக்கும் வரிசையில் பீப்பாயிசம். கிண்டல்தான். கிண்டலோடு நின்றுவிடவில்லை. பீப்பாயைக் கண்காட்சிக்குள் கொண்டுவந்து நிறுத்தினார். அதன் வர்ணத்தை எடுத்து மனித உடம்பின் மீதும் நிலக்காட்சியின் மீதும் பரப்பினார்.

இதில் என்ன கலை இருக்கிறது என்று கேட்பவர்களுக்காகச் சொல்கிறேன். உருமறைப்பு வர்ணம் என்பதே ஓவியர்கள் ராணுவத்துக்குக் கொடுத்த சீதனம். 1915-ல் பிரெஞ்சு ராணுவம் ஓவியர்களைத் திரட்டி அதற்கென்று தனிப் பிரிவே ஏற்படுத்தியது. ஒரு பொருளின் வடிவத்தை உடைத்துப் பின்னணியில் கரைப்பது எப்படி என்ற பாடத்தை க்யூபிஸ்டுகளிடமிருந்துதான் பீரங்கிகள் கற்றுக்கொண்டன. சரி, காட்டிலும் பதுங்கு குழியிலும் மறைவதற்காகக் கண்டுபிடித்த வர்ணத்தை நட்டநடு நகரத்தில், தார்ச்சாலையில், எல்லோரும் பார்த்துப் பயப்படவேண்டும் என்று நிற்கிற பீப்பாய்க்கு ஏன் பூசவேண்டும்? அங்கே அது எதில் கரையப்போகிறது? புடவைக்கடை விளம்பரத்திலா?

தேனுவர பிடித்துக்கொண்டது இந்த முரணைத்தான் என்று நினைக்கிறேன். மறைக்கும் வர்ணம் காட்டும் வர்ணமாகிவிட்டது. ராணுவம் இங்கே இருக்கிறது என்று அறிவிக்கிற கொடியாகிவிட்டது. அதோடு முடியவில்லை. ஆறு மாதம், ஒரு வருஷம் போனால் நகரவாசிக்குப் பீப்பாய் மின்கம்பம் மாதிரி, தபால் பெட்டி மாதிரி ஆகிவிடுகிறது. பஸ்ஸில் உட்கார்ந்துகொண்டு அதைத் தாண்டும்போது அவன் நினைப்பது வீட்டு வாடகை பற்றி. உருமறைப்பு உண்மையில் பூர்த்தியாவது அப்போதுதான். பீப்பாய் பார்வையிலிருந்து மறைந்துபோகிறது; கூடவே யுத்தமும் மறைந்துபோகிறது. இதைப் பார்க்கவைக்க ரத்தம் வேண்டியதில்லை. பீப்பாயை அது நிற்கும் இடத்திலிருந்து பத்தடி நகர்த்தி வைத்தால் போதும். ஓர் ஓவியர் அதைச் செய்தார்.

இன்னொன்றும் உண்டு. இந்தப் பீப்பாய்க்கு இரண்டு பக்கம். ஒரு பக்கத்தில், இன்னொரு லாரி வரும் என்று பயந்து அதை வைத்தவர்களும், அந்தப் பயத்தோடு தினமும் ஆபீசுக்குப் போகிறவர்களும். மறுபக்கத்தில், அடையாள அட்டையை நீட்டி, அதில் பெயரைப் படித்தவுடனே தனியே ஓரமாக நிற்கச் சொல்லப்படும் தமிழன். பயமும் அவமானமும் ஒரே தகரத்தில். தேனுவர பிறப்பால் முதல் பக்கத்தைச் சேர்ந்தவர். 1983 ஜூலைப் படுகொலையின் நினைவாக வருஷந்தோறும் ஜூலை 23 அன்று கண்காட்சி திறப்பதை ஒரு விரதம் மாதிரி வைத்துக்கொண்டவர். தன் பக்கத்துப் பயத்தை மறுக்காமல், மறுபக்கத்து அவமானம்வரை நடந்து போனவர். 2009-ல் யுத்தம் முடிந்து, நகர அபிவிருத்தி வேலையே பாதுகாப்பு அமைச்சின் கீழ் போய், பீப்பாய் இருந்த இடத்தில் நடைபாதையும் புல்தரையும் வந்தபோதும் அவர் விடவில்லை. அழகுபடுத்தல் என்பதையே தலைப்பாக வைத்துக் கண்காட்சி போட்டார். புல்தரையும் பச்சை வர்ணம்தானே.

நம் பக்கத்திலிருந்து எதிர்த்திசையில் யார் நடந்தார்கள்?

யாழ்ப்பாணத்திலிருந்து நடந்தார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். 1981-ல் நூலகம் எரிந்தவுடன் எம்.ஏ. நுஃமான் 'புத்தரின் படுகொலை' எழுதினார். கொளுத்தியவனின் தெய்வத்தையே கொல்லப்பட்டவராகப் பார்த்த கவிதை அது; வெறும் புலம்பலாக அதை யாராலும் வாசிக்க முடியாது. 1985-ல் 'மரணத்துள் வாழ்வோம்' தொகுப்பு வந்தது. அதற்கப்புறம் வந்த தலைமுறை தன் பக்கத்துத் துப்பாக்கியையும் பார்த்தது. பார்த்ததற்கு விலையும் கொடுத்தது. ராஜினி திராணகம 1989 செப்டம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். செல்வி 1991-ல் புலிகளால் பிடித்துச் செல்லப்பட்டார். சிவரமணி தன் கவிதைகளைத் தீயிட்டுவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டது 1991 மே 19 அன்று. ஸ்ரீபெரும்புதூருக்கு இரண்டு நாள் முன்னால். இந்த இரண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நம் பத்திரிகைகளில் யாராவது யோசித்ததுண்டா? சிவரமணியை நாம் ஈழக் கவிதை என்ற அலமாரியில் வைத்தோம். ஸ்ரீபெரும்புதூரைக் குற்றவியல் அலமாரியில் வைத்தோம். இரண்டுக்கும் வேறு வேறு சாவி.

தமிழ்நாட்டில் நாம் செய்தது என்ன? சோதனைச் சாவடியில் நின்ற அவமானத்தைப் பற்றிய கவிதைகளை எடுத்துப் போட்டோம், போடவேண்டியதுதான். மத்திய வங்கியின் குமாஸ்தாவைப் பற்றி எந்தச் சிறுபத்திரிகையில் எத்தனை வரி வந்தது? மீனம்பாக்கத்தில் தன் பெட்டிக்குப் பக்கத்தில் நின்ற பயணியைப் பற்றி? ராஜீவ் கொலை வழக்கில் தண்டனை பெற்றவர்களின் தூக்குக்கு எதிராக நம்மில் பலர் எழுதினோம், கையெழுத்துப் போட்டோம். அவர்களில் ஏழு பேரும் 2022-ல் வெளியே வந்தார்கள். நான் தூக்குத் தண்டனைக்கு எதிரானவன், அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. அன்றிரவு ராஜீவோடு செத்துப்போன ஒரு டஜனுக்கு மேற்பட்டவர்களுக்காக நாம் செலவழித்த காகிதம் எவ்வளவு என்று மட்டும் கேட்கிறேன். அவர்கள் காங்கிரஸ்காரர்கள், போலீஸ்காரர்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்கள். நவீன கவிதைக்குள் நுழையும் தகுதி அவர்களுக்கு இல்லை போலிருக்கிறது. துயரத்துக்கும் நாம் வாசலில் ஒரு கதவுச் சட்டம் வைத்திருக்கிறோம். சிலரை உள்ளே விடும்போது அது கத்துகிறது.

இதற்குள் என்னை அரசாங்கத்தின் ஆள் என்று யாராவது முடிவுகட்டியிருப்பார்கள். பயங்கரவாதம் என்ற வார்த்தையே தடாவும் பொடாவும் போட்ட வார்த்தை, அதை எடுத்துப் பேசுகிறவன் அவர்கள் பாஷை பேசுகிறான் என்பார்கள். வார்த்தை அவர்களுடையதாக இருக்கலாம். செத்தவர்கள் அவர்களுடையவர்கள் இல்லை. சட்டத்தின் வார்த்தையை நாம் தொடமாட்டோம் என்ற ஒரே காரணத்துக்காக, அந்த வார்த்தை குறிக்கிற பொருளையும் தொடாமல் விட்டதால்தான், அந்த இடம் முழுவதும் சட்டத்துக்கும் சினிமாவுக்கும் கல்தச்சனுக்கும் போய்ச் சேர்ந்தது.

ஸ்ரீபெரும்புதூரையே எடுத்துக்கொள்வோம். அந்த இரவில் என்னவெல்லாம் இருந்தது என்று பாருங்கள். சாலையோரத்தில் இந்திரா காந்தி சிலை இருந்தது. ராஜீவ் அதற்கு மாலை போட்டுவிட்டுத்தான் மைதானத்துக்குள் நடந்தார். மாலைகள் இருந்தன, கொலையாளி கையில் இருந்ததும் மாலைதான். கவிதை இருந்தது — ஒரு சிறுமி அவருக்கு முன்னால் நின்று தான் தயார்செய்து வந்ததை ஒப்பித்தாள். அடுத்த சில நிமிஷங்களில் அவளும் இல்லை. கலை சம்பவத்துக்கு வெளியே நிற்கவேண்டும் என்கிற நண்பர் இந்தச் சிறுமியை எங்கே நிற்கச் சொல்வார்?

காமிராவும் இருந்தது. புலனாய்வு சொல்லும் கதையின்படி, நடக்கப்போவதைப் படமெடுக்கக் கொலையாளிகள் தரப்பே ஹரிபாபு என்ற புகைப்படக்காரரை ஏற்பாடு செய்திருந்தது. அவர் செத்துப்போனார்; காமிரா சிதையாமல் கிடந்தது. அந்தப் படச்சுருளிலிருந்துதான் வழக்கே தொடங்கியது. 2001 செப்டம்பருக்குப் பிறகு ஸ்டாக்ஹவுசன் என்ற ஜெர்மன் இசைமேதை, நியூயார்க் கோபுரங்கள் விழுந்ததை மாபெரும் கலைப்படைப்பு என்ற அர்த்தத்தில் பேசிவிட்டு உலகம் முழுக்கத் திட்டு வாங்கினார். பாவம், அவருக்குப் பத்து வருஷம் முன்னாலேயே இங்கே அதைப் புரிந்துகொண்டவர்கள் இருந்தார்கள். பயங்கரவாதத்துக்குப் படம் வேண்டும். அதற்கான ஆளை அது தானே அமர்த்திக்கொள்கிறது. கலைஞன் போய் இரண்டாவது புகைப்படக்காரனாக வேண்டிய அவசியமே இல்லை.

ஆனாலும் ஆனார்கள். சந்தோஷ் சிவனின் 'தி டெரரிஸ்ட்' 1998-ல் எடுக்கப்பட்ட தமிழ்ப்படம். ஜான் மால்கோவிச் பரிந்து பேசியதால் அமெரிக்காவரை போனது. நம் நண்பர்கள் பலர் அதைக் கொண்டாடினார்கள். ஆயிஷா தார்க்கரின் முகம், இமை, இலை நுனியில் தண்ணீர், மழை, மறுபடி முகம். ஒளிப்பதிவாளரின் கண் அபாரமானது, ஒப்புக்கொள்கிறேன். அந்தக் கண் எதைப் பார்த்தது என்பதுதான் என் கேள்வி. மனித வெடிகுண்டாகப் போகிற பெண்ணின் முகத்தில் மழைத்துளி எவ்வளவு நேர்த்தியாக வழிகிறது என்று பார்த்தது. மாலை போடக் காத்திருக்கும் வரிசையில் அவளுக்கு முன்னால் நிற்பவர்களுக்கு அதில் முகமே இல்லை. இது சோகமும் இல்லை, விசாரணையும் இல்லை. அலங்காரம். செல்வமணியின் 'குற்றப்பத்திரிகை' தணிக்கையில் மாட்டி வருஷக்கணக்கில் கிடந்து 2007-ல் வந்தது. அதைப் பற்றி இந்தப் பக்கங்களில் பேச எதுவும் இல்லை.

அந்த இரவில் இன்னொன்றும் இருந்தது. ஒரு கை. காவலில் இருந்த பெண் போலீஸ் அதிகாரி ஒருவர், மாலையோடு நெருங்கியவளைக் கையால் தடுத்தார். எல்லோருக்கும் வாய்ப்புக் கொடுங்கள் என்று ராஜீவ்தான் விலகச் சொன்னார் என்பது, உயிர் பிழைத்த அந்த அதிகாரி பின்னால் பலமுறை சொன்ன விஷயம். அந்தக் கையை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். அப்புறம் இந்தத் தேசத்தில் தலைவருக்கும் ஜனங்களுக்கும் நடுவில் வந்த இரும்பெல்லாம் அந்தக் கையின் வார்ப்பு. கை தயங்கியது, பேச்சுக்குக் கட்டுப்பட்டு விலகியது. இரும்பு அப்படி விலகாது. ஒரு சிற்பிக்கு இதைவிட என்ன வேண்டும்?

என்ன கிடைத்தது என்றால், தூண். 2003 அக்டோபரில் குடியரசுத் தலைவர் அப்துல் கலாம் நினைவகத்தைத் திறந்துவைத்தார். வடிவமைத்தவர் கே.டி. ரவீந்திரன். அவர் விழுந்த இடத்தைச் சுற்றி ஏழு தூண்கள். தூணுக்கு ஒரு விழுமியம். கட்டிடக் கலையாக அதைக் குறைசொல்ல நான் வரவில்லை. நம் தலைவர்களுக்குக் கடற்கரையில் எழும்பும் மண்டபங்களோடு ஒப்பிட்டால் அடக்கமானது, ஆகாசம் தெரிகிறது. ஆனால் விழுமியங்களால் அந்த இடத்தை நிரப்பியவுடன், அங்கே என்ன நடந்தது என்பது வெளியே போய்விட்டது. கை வெளியே போய்விட்டது. ஒப்பித்த சிறுமி வெளியே போய்விட்டாள். பீப்பாய்க்கு இருந்த இரண்டு பக்கம் தூணுக்குக் கிடையாது; எந்தத் திசையிலிருந்து வந்தாலும் முகப்புத்தான். சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து ஒரகடத்துக் கார்க் கம்பெனிகளுக்கு ஷிப்ட் பஸ்ஸில் போகிற பையன்களிடம் அந்தத் தூண்களைப் பற்றிக் கேட்டால், அது பார்க் என்பார்கள். தப்பில்லை.

இனி நம் தெருவுக்கு வருகிறேன். கொழும்புப் பீப்பாய் ராணுவ வர்ணம் பூசிக்கொண்டது. நம் போலீஸ் தடுப்பு என்ன பூசிக்கொண்டது? நகைக்கடை விளம்பரம். ஆஸ்பத்திரி விளம்பரம். பொறியியல் கல்லூரி. ரியல் எஸ்டேட். 'நில், மெதுவாகச் செல்' என்று மேலே எழுதியிருக்கும். கீழே செய்கூலி சேதாரம் இல்லை. அரசாங்கத்தின் அதிகாரம் கடைக்காரர் உபயத்தில் நிற்கிறது. கோவில் டியூப்லைட்டில் உபயதாரர் பெயர் வெளிச்சத்தை மறைப்பதைப் பற்றி நாம் எவ்வளவு தமாஷ் செய்திருக்கிறோம்! இந்தத் தடுப்பைப் பற்றி ஒரு ஓவியம் எங்கே? கறுப்பும் வெள்ளையுமாக ஒரு கோட்டுச்சித்திரம்? எங்கள் ஊரில் நரசிம்மருக்கு நெற்றியில் மூன்றாவது கண் உண்டு. குடைவரைக்குள் அர்ச்சகர் திருமண்ணை விலக்கி, தீபத்தைத் தூக்கிக் காட்டுவார். ஒரு கணம் தெரியும், மூடிவிடுவார். சென்னை போலீஸ் தெருத்தெருவாகக் காமிரா மாட்டியபோது அந்தத் திட்டத்துக்கு வைத்த பெயரும் 'மூன்றாவது கண்' தான். உக்கிரத்தை ஒரு கணம் மட்டும் காட்டி மூடிவிடவேண்டும் என்று தெரிந்த ஒரு மரபின் வார்த்தையை, மூடாமலே இருக்கும் ஒரு கண்ணுக்கு எடுத்துக்கொண்டார்கள். கவிஞர்கள் இருக்கும் ஊரில் ஒரு வார்த்தை இப்படிக் கைமாறியது. நாம் சும்மா இருந்தோம்.

சிலைகளைப் பாருங்கள். இது பயங்கரவாதம் இல்லை, வேறு வன்முறை. ஆனால் பாதுகாப்பு என்று வரும் கை ஒன்றுதான். சிலையை உடைப்பார்கள், அதன்பேரில் கலவரம் வரும், உயிர் போகும், ஆகவே சிலைக்குக் கூண்டு. அம்பேத்கர் இரும்பு வலைக்குள் நிற்கிறார், விரலைச் சுட்டிக்கொண்டு. உலகத்தில் மற்ற இடங்களில் கலைஞர்கள் கூண்டை இன்ஸ்டலேஷன் என்று வைக்கிறார்கள். இங்கே பொதுப்பணித்துறை வைத்துவிட்டது. 2017 ஜனவரி 23-க்குப் பிறகு மெரினாவில் கூட்டம் கூடி எதையும் கேட்க முடியாது என்று ஆனது. சிலைகள் மட்டும் அங்கே கூடி நிற்கின்றன. பார்க்கத் தெரிந்தவனுக்கு இவையெல்லாம் ஏற்கெனவே அரைகுறையாகச் செய்யப்பட்ட சிற்பங்கள். பத்தடி நகர்த்தவேண்டியதுதான் பாக்கி.

மேல்நாட்டுக் காட்டலாக்குகளை நம்மில் சிலர் வாங்கி அடுக்கியிருக்கிறார்கள். அவற்றைச் சரியாகப் படித்திருந்தாலாவது இது தெரிந்திருக்கும். கெர்ஹார்ட் ரிக்டர் 2005-ல் வரைந்த 'செப்டம்பர்', நியூயார்க் கோபுரங்கள் பற்றியது. டெலிவிஷன் திரை அளவுக்குத்தான் இருக்கும், நெருப்பு இருந்த இடத்தைக் கத்தியால் சுரண்டியிருக்கிறார். பெரிதாக வரையக்கூடாது என்று தெரிந்திருக்கிறது. பம்பாய் ஜிதிஷ் கல்லட் 2010-ல் சிகாகோ கலைக்கூடத்தின் மாடிப்படிகள் 118-லும் விவேகானந்தரின் உரையை விளக்குகளால் எழுதினார். 1893 செப்டம்பர் 11 அன்று அதே இடத்தில் பேசிய உரை. விளக்குகளின் ஐந்து நிறமும் அமெரிக்க அரசின் பயங்கரவாத எச்சரிக்கை அட்டவணையின் ஐந்து நிறங்கள். சகோதரத்துவத்தை மிதித்து ஏறவேண்டும், ஒவ்வொரு படியும் ஒரு அபாய அளவு. புத்திசாலித்தனமான வேலை. மறுவருஷமே அமெரிக்கா அந்த நிற அட்டவணையைக் கைவிட்டது. ஆனாலும் கூடத்துக்குள் ஏறுகிறவர் டிக்கெட் வாங்கியவர். தேனுவரவின் பீப்பாயைப் பார்த்தவர், வீட்டுக்குத் திரும்பும் வழியில் நிஜப் பீப்பாய் முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கி நிற்கவேண்டும். எனக்கு இரண்டாவதுதான் ஒரு படி மேல்.

எங்கள் கிளையில் துப்பாக்கியோடு ஒருவர் உட்கார்ந்திருக்கிறார். முன்னாள் ராணுவத்தினர். துப்பாக்கி அவரைவிட வயதானது. பென்ஷன் வாங்க வரும் கிழவிகள் படிவத்தை நிரப்பச் சொல்லி அவரிடம்தான் நீட்டுகிறார்கள். அவரும் துப்பாக்கியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு நிரப்பித் தருகிறார். அவர் இல்லாவிட்டால் எனக்குப் பயமாக இருக்குமா என்று கேட்டால், இருக்கும். கேஷ் கவுண்டரில் உட்காரும் நாட்களில் நிச்சயம் இருக்கும். காவல் வேண்டாம் என்று கவிதை பாடுகிறவர்களோடு எனக்குச் சேர்த்தி இல்லை. அந்தப் பயத்தையும், அந்தப் படிவத்தையும், சுவரில் சாய்ந்திருக்கும் துப்பாக்கியையும் ஒரே பார்வையில் பிடிக்கிற ஒரு வரி தமிழில் வேண்டும் என்கிறேன். முற்றத்தையும் பாட்டியையும் கிணற்றையும் எழுதிக்கொண்டே இருந்தால் அது வராது. கிணற்றுக்கும் இப்போது இரும்பு மூடி போட்டிருக்கிறார்கள்.

நண்பர் அடுத்த இதழில் பதில் எழுதுவார். எழுதட்டும். அதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தால் நல்லது. அவர் தினமும் மின்சார ரயிலில் தாம்பரத்தில் இறங்கி ஆபீசுக்கு நடக்கிறவர். வழியில் எத்தனை தடுப்புகளைச் சுற்றிக்கொண்டு போனார், எத்தனை கதவுச் சட்டங்களுக்குள் நுழைந்தார், எந்தத் தடுப்பில் எந்த நகைக்கடையின் பெயர் இருந்தது என்று நினைவிலிருந்து எழுதி அனுப்பட்டும். திரும்பிப் போய்ப் பார்க்கக்கூடாது.